வாசலில் நின்றுவிட்ட கைத்தடி

அன்புள்ள இளங்கோ,

காசிம் இந்தக் கடிதத்தோடு ஒரு நீளமான பொட்டலத்தையும் உன்னிடம் தருவான். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, சணல் கயிற்றால் கட்டியிருக்கிறேன். பிரிக்காமலே அது என்னவென்று உனக்குத் தெரிந்துவிடும். முகத்தைச் சுளிக்காமல் முதலில் கடிதத்தைப் படி. தன் அக்காவின் கல்யாணம் முடிந்து, காசிம் வெள்ளிக்கிழமை ரயிலில் உங்கள் கூட்டத்தோடு சேர வருகிறான். அதனால்தான் எனக்கு இந்த வாய்ப்பு. தபாலில் அனுப்பலாமென்றால், பகாங்கில் ஏதோ ஒரு மலையில் கூடாரம் போட்டுக்கொண்டு செடி சேகரிக்கிறவர்களுக்கு எந்த விலாசத்தை எழுதுவது?

ஞாயிற்றுக்கிழமை மாலை டாக்சி கீழே வந்து நின்றபோது வீடெல்லாம் ஒரே சத்தம். அப்பா உன் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, "என்னடா இதுக்குள்ள? மலைய இங்கேருந்தே எடுத்துட்டுப் போறியா?" என்றார். "செடி அமுக்குற பலகைப்பா, மெதுவா" என்றாய் நீ. பெட்டியை இறக்கிவிட்டு அவர் திரும்பவும் மேலே வந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நீ படியிறங்கினாய். உன் பூட்ஸ் கனமாக இருப்பதால் எப்போதும் கீழ்ப்படியிலேயே கிடக்கும். இடது பூட்ஸுக்கு அடியில் தைத்த தடித்த கட்டையோடு அதை மாட்டி, கயிறு இழுத்துக் கட்ட உனக்கு நேரம் பிடிக்கும். நீ கட்டி முடிக்கும்வரை மேலிருந்து உன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனுக்கு நான் வரவில்லை என்று முன்பே சொல்லியிருந்தேன். நாலு பேருக்கு முன்னால் அழ எனக்கு வராது. அழாமல் நிற்கவும் வராது.

டாக்சிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். நம் வாசலுக்கு வெளியே, செருப்புகளின் பக்கத்தில், சுவரில் சாய்ந்தபடி கைத்தடி நின்றது. எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். டாக்சி இன்னும் நகரவில்லை. தேக்கா சந்தையிலிருந்து வந்த காய்கறி வண்டி ஒன்று குறுக்கே நின்றது. டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். உன் முழங்கை வெளியே தெரிந்தது. "இளங்கோ" என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நீ தலையை நீட்டியிருப்பாய். வாய் திறந்தது. குரல் வரவில்லை. பிறகு படியில் விழுந்தடித்து இறங்கி அஞ்சடி நடைபாதைக்கு வந்தேன், எப்படியாவது டாக்சிக்கு முன்னால் போய் நின்றுவிடலாம் என்று. காய்கறி வண்டி விலகியது. டாக்சி திருப்பத்தில் மறைந்தது. வெறுங்காலோடு, கையில் உன் கைத்தடியோடு, நான் நடுத்தெருவில் நின்றேன்.

ஏன் கூப்பிடவில்லை என்பதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. வெளியே போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று நம் வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படிக்கிற உன் அம்மா இதையெல்லாம் நம்பமாட்டாள் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உனக்கு ஐந்து வயது நடந்தபோது ஒரு சாயங்காலம், பந்தாட்டம் பார்க்க அப்பா உன்னை ஃபேரர் பார்க் திடலுக்குக் கூட்டிப் போனார். நீ அவருக்கு முன்னால் தடதடவென்று படியிறங்கினாய். எனக்கு இருபத்திரண்டு வயது. வெயில் இன்னும் தணியவில்லையே, பிள்ளை தொப்பி இல்லாமல் போகிறானே என்று மேலேயிருந்து, "இளங்கோ, இங்க வா!" என்று கூப்பிட்டேன். நீ திரும்பி ஏறி வந்தாய், இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்து, சிரித்துக்கொண்டு. தொப்பியைப் போட்டு அனுப்பினேன். இருட்டியபின் அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டு வந்தாய். உடம்பு கொதித்தது. அந்தக் காய்ச்சல் போகும்போது உன் இடது காலின் பலத்தைக் கொண்டுபோய்விட்டது.

பிறகு அந்த நோயைப் பற்றி நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். அது கிருமியால் வருவது. உடம்புக்குள் புகுந்து பல நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அப்படியானால் நான் கூப்பிடுவதற்கு வெகு முன்பே அது உனக்குள் இருந்திருக்கிறது. தலைக்கு இது புரிந்தது. தொண்டைக்கு இன்றுவரை புரியவில்லை. அதன்பிறகு உன்னை நான் பின்னாலிருந்து கூப்பிட்டதே இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நீ சோற்று டப்பாவை மறந்தால், எடுத்துக்கொண்டு ஓடி, உன்னைத் தாண்டி, முன்னால் நின்று மூச்சு வாங்கக் கொடுப்பேன். "ஏம்மா தினம் என்கூட ரேஸ் ஓடுற?" என்று கேட்பாய். காலை இழுத்து நடக்கிற பிள்ளையை முந்துவது எனக்குச் சுலபமாக இருந்தது. டாக்சியை முந்த முடியவில்லை.

இந்தக் கைத்தடியை நான் தேடிய கதை உனக்கு முழுதாகத் தெரியாது. முதலில் செய்த மரத்தடி உனக்கு நினைவிருக்கும். தச்சர் வீட்டுக்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் வந்து, உன்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, தரையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்து, அதே உயரத்துக்கு அறுத்துக் கொடுத்தார். அழகான தடி. மறுநாள் நீ கீழே போய் பூட்ஸ் மாட்டியதும் அது குட்டையாகிவிட்டது. வீட்டுக்குள் யாரும் செருப்போடு நின்றதில்லை. தெருவில் நீ வேறு உயரம் என்பது அளந்தவருக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் நின்று பார்த்த எனக்கும் தோன்றவில்லை. நீ குனிந்து குனிந்து நடந்தாய். காசிம் எதிரே வந்து, "டேய், கீழ எதையாவது தொலைச்சிட்டியா? நானும் தேடவா?" என்றான். அன்றைக்கே அந்தத் தடியை மல்லிகைத் தொட்டியில் ஊன்றிவிட்டாய். கொடி இப்போதும் அதில்தான் ஏறுகிறது. அறுத்த மரத்தை யாரால் நீட்ட முடியும்?

உனக்கு ஒரே உயரம் கிடையாது என்பது அதன்பிறகுதான் எனக்கு உறைத்தது. பூட்ஸோடு ஓர் உயரம், வெறுங்காலோடு கோயிலில் நிற்கும்போது இன்னோர் உயரம். போதாததற்கு ஞாயிறுதோறும் புக்கிட் தீமா குன்றுக்குப் போகத் தொடங்கினாய். அங்கே மேட்டில் ஒரு தடி வேண்டும், பள்ளத்தில் வேறு தடி வேண்டும். அதனால்தான் நீட்டவும் குறைக்கவும் முடிகிற ஒன்றைத் தேடினேன். சிராங்கூன் சாலைக்குப் பின்னால், சந்தில், குடையும் கைத்தடியும் விற்கிற பாய் கடைக்குப் போனேன்.

"தம்பிக்காம்மா?" என்றார் பாய்.

"மகனுக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப குட்டிக் கம்பாப் பாத்து எடுப்போம்."

"பத்தொன்பது வயசுப் பையன், பாய்."

அவர் நம்பவில்லை. வியாபாரம் என்பதால் தலையாட்டினார். உள்ளேயிருந்து வெள்ளிப் பூண் போட்ட கறுப்புத் தடி ஒன்றைக் கொண்டுவந்து துடைத்துக் காட்டினார். "தொரைமாருங்க பிடிக்கிற சாமான். இத வச்சிக்கிட்டு நடந்தா பையனுக்குத் தேடி வந்து பொண்ணு குடுப்பாங்க."

"மலை ஏறணும் பாய்."

"மலையிலயா? அங்க யாரு குடுக்கப் போறா பொண்ணு?" என்று அதை உள்ளே வைத்துவிட்டார்.

அடுத்து அவர் எடுத்தது இரண்டு குழாயைத் திருகி இறுக்குகிற மாதிரி. பார்க்க நன்றாக இருந்தது. கையால் இழுத்தால் அசையவில்லை. பாய் அதையே பெருமையாக இழுத்து இழுத்துக் காட்டினார். ஆனால் உன் கை அதை இழுக்கப் போவதில்லையே, அழுத்தத்தானே போகிறது! நான் இரண்டு கையையும் பிடியில் வைத்து என் உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தேன். குழாய் மெதுவாக உள்ளே இறங்கியது. நானும் கூடவே இறங்கி, குடை அடுக்கின்மேல் விழுந்தேன்.

"ஐயோ, குடை!" என்று பாய் ஓடிவந்தார்.

"நான் விழுந்தாப் பரவாயில்லையா பாய்?"

"நீங்க எழுந்துக்குவீங்க. கம்பி வளைஞ்சா குடை எழுந்துக்குமா?"

சிரித்துக்கொண்டேதான் எழுந்தேன். வெளியே வந்தபிறகுதான் தோன்றியது: கடையில் குடையின்மேல் விழுந்தேன். பாறைமேல் நீ விழுந்தால்? அன்று ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். சில வாரம் கழித்துப் பாய் ஆளனுப்பினார். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் விற்றுவிட்டுப் போன சாமானில் இது கிடைத்ததாம். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அலுமினியக் குழாய்கள். உள்குழாயில் வரிசையாகத் துளைகள். வேண்டிய துளைக்கு நேராக வைத்து, குறுக்கே ஓர் இரும்பு முள்ளைச் செருகி, அதன் முனையில் திருகுமறையை இறுக்க வேண்டும். குடைகளை முன்கூட்டியே நகர்த்தி வைத்துவிட்டு, "இப்ப விழுங்க" என்றார் பாய். என் பலமெல்லாம் கொடுத்து அழுத்தினேன். அது இறங்கவில்லை. அப்போது எனக்கு வந்த நிம்மதியை எந்தக் கோயிலிலும் நான் அடைந்ததில்லை.

பிடி வெறும் உலோகமாக இருந்தது. வியர்த்தால் வழுக்கும் என்று, சைக்கிள் கைப்பிடிக்குச் சுற்றுகிற துணி நாடாவை வாங்கிச் சுற்றினேன். கை நழுவினாலும் தடி ஓடைக்குள் போய்விடாமல் இருக்கத் தோல்வார் ஒன்றைத் தைத்தேன். அடியில் இரும்பு முனை இருக்கிறது. அது சேற்றுக்கும் மண்ணுக்கும். ஊருக்குள் வரும்போது அதன்மேல் மூடி மாதிரி இருக்கிற ரப்பர் குப்பியை மாட்டிக்கொள். ஈரமான சிமெண்டுத் தரையில் இரும்பு முனை சறுக்கும். குப்பிகள் தேயும் என்பதால் இன்னும் சிலவற்றை பொட்டலத்திலேயே உன் பழைய காலுறைக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன். ஏறும்போது குறைத்துக்கொள், இறங்கும்போது நீட்டிக்கொள். வலது கையில் பிடி. பலமில்லாத கால் இடது, அதனால் தடியும் இடது கையில்தான் என்று உன்னோடு பெரிய சண்டை போட்டேன். நீ சொன்னதுதான் சரி என்று பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

இவ்வளவு பார்த்து வாங்கியதை வீட்டுக்குள் விட்டேனா? தெருவை மிதிக்கிற எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது நமக்குப் பழகிப்போன வழக்கம். நீ அதைச் செருப்போடு செருப்பாக வெளியே சாய்த்துவிட்டு, உள்ளே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். கூடத்துச் சுவரில் உன் கை பட்டுப் பட்டு ஒரு கோடு விழுந்தது. நீ சிறுவனாக இருந்தபோது அது என் இடுப்புயரத்தில் இருந்தது. வருஷத்துக்கு வருஷம் மேலே ஏறியது. தீபாவளிக்குத் தீபாவளி அப்பா சுண்ணாம்பு அடிப்பார். பொங்கலுக்குள் கோடு திரும்ப வந்துவிடும். "சுவரும் வளருது பாரு" என்பார் அவர். ஒரு துணியால் நுனியைத் துடைத்துவிட்டுத் தடியை உள்ளே கொண்டுவரலாமே என்று எங்கள் இருவரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. வீட்டுக்குள்தான் நீ அதிகம் விழுந்தாய்.

அன்றைக்குப் படியிறங்கினபோது நீ அதை மறந்தாயா, வேண்டுமென்று விட்டாயா? வாசலைத் தாண்டும்போது உன் வலது கை அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்ததுபோல எனக்கு ஒரு நினைப்பு. அது நிஜமாகவே பார்த்ததா, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டதா, தெரியவில்லை. ஸ்டேஷனிலிருந்து திரும்பிய அப்பா, கூடத்து நடுவில் தடியோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போகலியா?"

"இல்ல."

"கூப்பிட்டிருக்கலாமே."

சொல்லி முடித்ததும் அவருக்கும் அந்தத் தொப்பி ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சரி, கூப்பிடாததும் நல்லதுதான்" என்று சட்டையைக் கழற்றி மாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "புதுசா சேர்ற கூட்டம். வந்த அன்னிக்கே கம்போட வந்து நிக்க வேணாம்னு விட்டுட்டுப் போயிருப்பான். நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்" என்றார். உனக்குத் தெரியுமே, அவர் இதைத் தொட்டதே இல்லை. நான் இருக்கும்போது என் பிள்ளைக்குக் கம்பு எதற்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அன்று என் கையிலிருந்து அதை வாங்கி, கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஊன்றி நடந்து பார்த்தார். "கனமே இல்லையேம்மா. இதுவா அவனத் தாங்கும்?" என்று கேட்டார். தாங்கும் என்று சொன்னேன். எனக்கு வேறு என்ன தெரியும்? கடையில் என்னைத் தாங்கியது. அவ்வளவுதான் தெரியும்.

புக்கிட் தீமாவுக்கு ஒரு ஞாயிறு நான் உன்னோடு வந்ததை நினைத்துக்கொள்கிறேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. நீ முன்னால், நான் பின்னால். ஒரு வேரின்மேல் இரும்பு முனை சறுக்கி நீ முழங்காலில் விழுந்தாய். எனக்கும் உனக்கும் நடுவே கையெட்டாத தூரம். கூப்பிடவும் கூடாது, ஓடிவந்து பிடிக்கவும் நேரமில்லை. நீ தடியைச் சேற்றில் ஊன்றி, அதைப் பிடித்தே ஏறி எழுந்தாய். உடனே திரும்பி நான் பார்த்தேனா என்று பார்த்தாய். நான் மரத்துக் குரங்கைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல நின்றேன். நீ நம்பவில்லை. "அம்மா, நீ முன்னால போ. நீ பின்னால வர்றது எனக்குக் கழுத்துல உறைக்குது" என்றாய். நான் முன்னால் நடந்தேன். உன் தடி தரையில் படுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உச்சிவரை ஏறினேன். அது நின்றால் நானும் நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஏறியது அந்த ஒரு குன்றுதான். எத்தனை மலை வேண்டுமானாலும் அப்படி ஏற என்னால் முடியும். பகாங் மலைகளில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது.

உனக்கு அறிவுரை சொல்லத்தான் உட்கார்ந்தேன். தடியைப் பற்றித்தான் சொல்ல முடிந்தது. அங்கே எந்தப் பாறை வழுக்கும், எந்த ஓடையில் தண்ணீர் ஏறும், யார் உனக்குக் கை கொடுப்பார்கள், யார் சிரிப்பார்கள், எனக்கு ஒன்றுமே தெரியாது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று சொல்வது எனக்குச் சுலபம். அந்தச் சிரிப்புக்கு நடுவில் நடக்கப் போவது நீ. இது வேண்டாமென்று நீ விட்டுப் போயிருந்தால், கூடாரத்தில் துணி காயப்போட வைத்துக்கொள். எனக்கு எழுதாதே. மறந்து போயிருந்தாலும் எழுதாதே. இரண்டில் எது என்று தெரியாமல் இருந்தால்தான் என்னால் இங்கே சமைத்து, துவைத்து, படுத்து எழ முடியும்.

கட்டுவதற்கு முன்னால் உன் உயரத்துக்கு அதைச் சரிசெய்து வைக்கலாம் என்று எடுத்தேன். எந்தத் துளை என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும், பூட்ஸோடும் தெரியும், இல்லாமலும் தெரியும். பிறகு திருகைத் தளர்த்தி, முள்ளை உருவி, உள்ளே தள்ளி, இருக்கிறதிலேயே குட்டையாக வைத்துவிட்டேன். முள்ளும் திருகும் தனியாக ஒரு துணியில் முடிச்சாக இருக்கின்றன. அங்கே தரை எப்படி என்று உன் காலுக்குத்தான் தெரியும். எவ்வளவு நீட்ட வேண்டுமோ நீயே பார்த்து வைத்துக்கொள்.

காசிம் நேற்றே வந்து பொட்டலத்தைத் தோளில் வைத்துக்கொண்டான்; இந்தக் கடிதத்தை அப்பா ஸ்டேஷனில் அவனிடம் கொடுப்பார். "எங்க இருந்தாலும் கூப்பிட்டுக் குடுத்துடறேன்மா" என்றான். கூப்பிடாதே, அவன் போய்க்கொண்டிருந்தால் ஓடிப்போய் முன்னால் நின்று கொடு என்றேன். "அவன் மலை ஏறிட்டு இருந்தா?" "நீயும் ஏறி முன்னால போ." "ரொம்பக் கஷ்டம்லா" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினான். அவன் அஞ்சடியைக் கடந்து தெருவுக்குப் போகும்வரை ஜன்னலில் நின்றேன். சொல்ல இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, உன்னைத் தடியை ஊன்றிப் பார்க்கச் சொல்லி, அது இறங்குகிறதா என்று அவனையும் கொஞ்சம் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று. அதற்குள் அவன் முதுகைக் காட்டிவிட்டான்.

உன் அம்மா